ஏழு கறி, ஒற்றை ஆள்

நானும் அந்தப் படத்தில் இருந்தவன்தான். மூன்றாவதாக என்னை அழித்தார்கள்.

எங்கள் தீவின் தலைநகர் போர்ட் லூயியில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு "ஆகா, என்ன தனிமை" என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு வலப்பக்கம் சுவரில் கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக ஒரு இடம் இருக்கிறதே, அங்கேதான் ஐயா நான் உட்கார்ந்திருந்தேன். வேட்டி கட்டி, திருநீறு பூசி, கையில் அப்பளத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பளம் இன்னும் மேசைமேல் இருக்கிறது. ஆளைத்தான் காணோம்.

குனிந்திருக்கிறவன் என் மச்சான் தெசிரே. மாயெபூர் சந்தைக்குப் பின்னால் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கிறவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். சாவு வீட்டுக்குப் போனால் அவனைப் பின்வரிசையில் தள்ளி உட்கார வைப்போம். அவன் கத்தோலிக்கன், ஆனால் அவன் பாட்டன் கப்பலில் வந்து இறங்கியபோது மாரிமுத்து. என் தங்கை காமாட்சி அவனைக் கட்டிக்கொண்டபோது மாதா கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி ஜோசியான் என்று பேர் வைத்தார்கள். அவள் புதுப்பேரையும் ஏற்றுக்கொண்டாள், பழையதையும் விடவில்லை. கழுத்தில் சிலுவை, நெற்றியில் பொட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள். இரண்டு சாமிகளில் எதுவும் இதுவரை இதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. முதலில் புகார் சொன்னது ஓவியக் குழுதான்.

அறுபத்தேழாம் ஆண்டு தைப்பூசம். காவடி விரதம் முடித்த மறுநாள் காமாட்சி வீட்டில் ஏழு கறி. எங்கள் தீவில் விரதம் முடித்தால் வாழையிலை போட்டு ஏழு கறி வைத்து, வேண்டியவர்களை அழைத்துச் சாப்பிடுவது வழக்கம். அன்று மேசையைச் சுற்றி தெசிரே, காமாட்சி, லண்டனில் இருக்கும் புருஷனிடம் போவதற்காகக் கப்பலுக்குக் காத்திருந்த அவர்கள் மகள் மிரெய், பக்கத்து வீட்டு மீனவர் ரேமோன், பிறகு நான். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். மேசைக்கடியில் அவர்கள் வீட்டு நாய். பாரிசில் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பியிருந்த லுசியான் எங்கள் தெருக்காரன். சாப்பிட வா என்றால், அப்படியே இருங்கள் என்று மூலையில் உட்கார்ந்து கரிக்கட்டியால் கிறுக்கிக்கொண்டிருந்தான்.

காமாட்சி கதை சொன்னாள். பிரான்சிலிருந்து புதிதாக வந்த பாதிரியார் வீடு மந்திரிக்க வந்தாராம். மாதா படத்துக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த முருகன் வேலைப் பார்த்துவிட்டு, இது மீன் குத்துகிற ஈட்டியா என்று கேட்டாராம். ஆமாம் சாமி, பெரிய மீனுக்கு என்று இவள் சொன்னாளாம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தெசிரேயின் வாய் நிறையப் பூசணிக்காய்க் கறி. சிரித்தால் எதிரில் இருக்கிற ரேமோன் மேல் தெறிக்கும். அதனால் இலைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். லுசியான் வரைந்தது அந்தத் தோளைத்தான். படம் முடிந்து பார்த்தபோது சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. 'ஏழு கறி' என்று பேர் வைத்தான்.

அந்த நேரம் பார்த்து, வரப்போகிற சுதந்திரத்துக்காக ஒரு தேசிய ஓவியக் குழு போட்டார்கள். 'நம் மக்கள்' என்ற தலைப்பில் ஒரு படம் தேர்ந்தெடுத்து, சுதந்திர நாளில் திறந்து வைக்க வேண்டும். குழுவின் தலைவர் மிஸ்யே செர்ஜ். எங்கள் தீவில் எந்தக் குழு போட்டாலும் அவர்தான் தலைவர். மீன்வளக் குழு, தொழுநோய்க் குழு, கடவுச்சீட்டு கேட்பவர்களுக்கு நன்னடத்தைச் சான்று கொடுக்கும் குழு, எல்லாவற்றுக்கும் அவரே. படங்களை விளக்குவதற்கு மதாம் ஒதில். நம் ஆட்களின் சார்பில் அரசு அலுவலர் மிஸ்யே பொன்னுசாமி. இன்னும் சமூகத்துக்கு ஒருவர், தோட்ட முதலாளிகளுக்கு இருவர்.

லுசியானின் படத்தை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதுதான் நம் மக்கள் என்று மிஸ்யே செர்ஜ் கைதட்டினார். பிறகு, சின்னத் திருத்தம் ஒன்று இருக்கிறது என்றார்.

மீனவர் ஒருவர் இருக்கிறாரே, அப்படியானால் கரும்பு வெட்டுகிறவர் எங்கே என்று கேட்பார்களாம். கரும்பு வெட்டுகிறவரைச் சேர்த்தால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் சங்கத்தைக் கூட்டுவார். எல்லோரையும் சேர்க்க மேசை போதாது. மேசையைப் பெரிதாக்கலாமே என்று லுசியான் கேட்டான். மேசைக்குத் தனிக் குழு இருக்கிறது என்றார்கள். ஆகவே ரேமோன் போனார்.

லுசியான் படத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றி மாயெபூருக்குப் பேருந்தில் கொண்டுவந்து, ரேமோன் மேல் சுவரைப் பூசி, மறுபடி பேருந்தில் கொண்டுபோனான். அடுத்தது மிரெய். அதற்குள் அவள் லண்டன் போய்விட்டாள். நாட்டைவிட்டுப் போன பெண்ணைச் சுதந்திரப் படத்தில் வைத்தால் மற்றவர்களும் மூட்டை கட்டுவார்கள் என்று ஒரு உறுப்பினர் கவலைப்பட்டார். அவருடைய இரண்டு மகன்களும் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். மிரெயும் போனாள்.

பிறகு என் முறை. எங்கள் தீவில் இந்து என்றால் வடநாட்டிலிருந்து வந்தவர்களின் வழி, தமிழர்களைத் தனியாக எண்ணுவதா என்பதில் ஓயாத தகராறு. இந்துக்களின் சார்பில் வந்தவர், இந்தத் திருநீறு எங்கள் கணக்கா, தனிக் கணக்கா என்று கேட்டார். தனி என்றால் அவர்களுக்கு வேறொரு ஆள் வேண்டும். சேர்த்து என்றால் பொன்னுசாமி ராஜினாமா செய்வார். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் பொன்னுசாமியே என்னை ஒதுக்கச் சொல்லிவிட்டார். எனக்குச் சமாதானம் சொல்ல வீட்டுக்கே வந்தார் மனுஷர்.

"தப்பா எடுத்துக்காதீங்க வாத்தியாரே. நம்ம ஆளு ஒருத்தன்தான் இருக்கான், அவனும் கையில அப்பளத்தோட இருக்கான். தமிழனுக்குத் திங்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு நாளைக்குப் பேசுவாங்க. நீங்க இல்லாம இருக்கிறதுதான் நம்ம சமூகத்துக்குக் கௌரவம்."

சமூகத்தின் கௌரவத்துக்காக நான் சுவரானேன்; கையில் இருந்த அப்பளத்தை மட்டும் லுசியான் மேசைமேல் வரைந்து வைத்தான். அவர் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

காமாட்சியை நேரிலேயே வரவழைத்தார்கள். சிலுவையைப் பார்த்தால் ஒரு கணக்கு, பொட்டைப் பார்த்தால் வேறு கணக்கு. வாழ்க்கை முறையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாம். மிஸ்யே செர்ஜ் மிகுந்த மரியாதையோடு, அம்மா, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"மேசையிலயா? அடுப்புப் பக்கம். எழுந்து எழுந்து பரிமாறணுமில்ல?"

அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று யாருக்கும் தெரியவில்லை. முடிவு செய்ய இயலாதவர் என்று எழுதி அவளையும் எடுத்துவிட்டார்கள். தெசிரே மட்டும் மிஞ்சினான். அவன்மேல் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால் யாருடைய ஆள் என்று தெரியவில்லை. எல்லாச் சமூகத்துக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் அந்தக் கூத்து. ஆட்களையெல்லாம் அழித்துவிட்டு, மிச்சத்தைச் சுவரில் மாட்டி, குழு உட்கார்ந்து பார்த்தது. நீளமான மேசை. ஐந்து இலை. ஒரு ஆள், குனிந்த தலை. மதாம் ஒதில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்று பேசினார். லுசியான் மனப்பாடமாக என்னிடம் வந்து சொன்னான்.

"பாருங்கள், இவரைச் சுற்றி யாருமே இல்லை. ஏன் இல்லை? இது நவீன மனிதனின் கேள்வி. ஏழு கறி இருக்கிறது, உண்ண உறவு இல்லை. இந்தத் தோள்களைப் பாருங்கள், இவர் அழுகிறார். இவ்வளவு பெரிய வெறுமையை ஓவியருக்கு யார் கொடுத்திருப்பார்கள்?"

நீங்கள்தான் மதாம் என்று லுசியான் சொல்லியிருக்கிறான். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாராம். படத்தின் பேர் 'தனிமை' என்று மாறியது. மேசைக்கடியில் நாய் இருப்பதை அப்போதுதான் யாரோ கவனித்தார்கள். நாய்க்குச் சமூகம் கிடையாது, ஆட்சேபமும் இல்லை. ஆனால் அது தெசிரேயின் காலில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. அது தனிமைக்கு இடைஞ்சல் என்று அதையும் அழித்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள்; இங்கே குரங்கையே பிள்ளையார் என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

தெசிரேக்கு விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, பாவம், தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். கையில் கடையிலிருந்து ரொட்டி வேறு. ஐயா, நான் அன்றைக்கு அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தேன் என்று குழுவின் முன் சொன்னான். பாதிரியார் கதையையும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. மனநிலை பற்றிய சந்தேகம் என்பதால் மனநிலைத் துணைக்குழுவுக்கு அனுப்பினார்கள். துணைக்குழு வாக்கெடுத்தது: துயரத்துக்கு மூன்று, ஆழ்ந்த துயரத்துக்கு இரண்டு. சிரிப்புக்கு யாரும் இல்லை. ஒரு மனிதன் தன் முதுகைத் தானே பார்க்க முடியாது, ஆகவே இதில் அவனுடைய கருத்து செல்லாது என்று மிஸ்யே செர்ஜ் விளக்கினார். துயரத்தை மறைக்கச் சிரிக்கிறான் பாவம் என்று மதாம் ஒதில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ரொட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அவன் பிழைப்பு நாறிப்போயிற்று. பத்திரிகையில் படத்தோடு அவன் பேரும் வந்துவிட்டதால் ஊருக்கே அவனைத் தெரியும். சந்தையில் ரேமோனோடு நின்று சிரித்தான் என்று யாரோ எழுதிப்போட, குழுவிலிருந்து ஒருவர் வந்து, சுதந்திர நாள் வரைக்கும் பொது இடத்தில் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கடை முதலாளிக்கும் சொல்லி வைத்தார். முதலாளி இவனைத் தனியாக வேலை செய்ய வைத்தார். இவன் பக்கத்தில் இருந்தவர்களை வேறு அடுப்புக்கு மாற்றினார். தேசத்துக்காகத்தான் என்றார்.

இவ்வளவும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வேடிக்கை போனது டிசம்பரில். மிரெய் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏப்ரலில் பிரசவம். அம்மா அப்பா இரண்டு பேரும் வந்தால்தான் ஆச்சு என்று எழுதியிருந்தாள். மருமகன், பிரான்சில் இருக்கும் மார்செய் துறைமுகம் வரைக்கும் கப்பலுக்குச் சீட்டும் எடுத்து அனுப்பிவிட்டான். பிப்ரவரிக் கப்பல். தெசிரே அன்றைக்கு என் வீட்டுக்கு ஓடி வந்தான். லண்டனில் ரொட்டி நன்றாக இருக்காதாம், பேரப்பிள்ளைக்கு நான்தான் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்றான். எத்தனை வயதில் ரொட்டி கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டான். எனக்கென்ன தெரியும்?

கடவுச்சீட்டுக்கு நன்னடத்தைச் சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் மிஸ்யே செர்ஜ். காமாட்சிக்கு உடனே போட்டுக் கொடுத்துவிட்டார். முடிவு செய்ய இயலாதவர் நாட்டைவிட்டுப் போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. தெசிரேயின் தாளைக் கையில் எடுத்தவர் பேனாவைக் கீழே வைத்தார். நானும் கூட இருந்தேன்.

"நண்பரே, நீங்க போயிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? மார்ச் பன்னிரண்டாம் தேதி நாடு பிறக்குது. வெளிநாட்டு விருந்தாளிங்க எல்லாம் வந்து படத்தைப் பார்ப்பாங்க. இந்த மனுஷன் எங்கேன்னு கேட்பாங்க. குடும்பத்தோட லண்டன்ல சந்தோஷமா இருக்காருன்னு நான் பதில் சொல்ல முடியுமா?"

தெசிரே கெஞ்சினான். என் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் ஐயா என்றான். மிஸ்யே செர்ஜ் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. நல்ல மனுஷர்தான், அதுதான் வயிற்றெரிச்சல். பயணத்தை ஒரே மாதம் தள்ளிப் போடுங்கள், திறப்பு விழா முடிந்ததும் நானே கையெழுத்துப் போட்டு அடுத்த கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். வாழ்த்துகிறார் என்று தெசிரே சொன்னான்.

சீட்டை மாற்ற முடியாது என்று கப்பல் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் போர்ட் லூயியில் கலவரம் வேறு. தெருத்தெருவாக வீடு எரிந்தது, வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கியது. கிடைக்கிற கப்பலை விடாதே என்று எல்லோரும் சொன்னார்கள். காமாட்சி தனியாகப் புறப்பட்டாள். துறைமுகத்தில் அவன் அவளுடைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவள்தான் விரலைப் பிரித்து வாங்கினாள்.

"ஒரு மாசம் சிரிக்காம இருங்க. எங்க பார்த்தாலும் உம்முனு இருங்க. அப்பத்தான் விடுவாங்க."

சரி என்று தலையாட்டினான். கப்பல் கடலில் மறையும் வரைக்கும் அவன் சிரிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

மார்ச் பன்னிரண்டு வந்தது. கொடி ஏறியது, நானும் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் படத்தைத் திறந்தார்கள். தெசிரேக்குக் கறுப்புக் கோட்டு வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். பல மக்கள், ஒரே மேசை என்று மிஸ்யே செர்ஜ் பேசினார். மதாம் ஒதில் வெறுமையைப் பற்றிப் பேசினார். பொன்னுசாமி படத்தில் இருக்கிற அப்பளத்தைச் சுட்டிக்காட்டி, இதில் எங்கள் சமூகத்தின் பங்கு சத்தமில்லாமல் இருக்கிறது என்று பேசினார். நான் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்றிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே தெசிரே கையெழுத்துக்குப் போய் நின்றான். மிஸ்யே செர்ஜ் சொன்ன சொல் தவறாமல் போட்டுக் கொடுத்தார். ஆனால் அது பழைய ஆட்சியின் தாள். புது நாட்டுக்குப் புதுக் கடவுச்சீட்டு அடிக்க வேண்டும், அதற்கு இன்னும் குழு போடவில்லை. போதாக்குறைக்கு லண்டன்காரர்களும் மார்ச் முதல் தேதியிலிருந்து புதுச் சட்டம் கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டார்கள். பிப்ரவரியில் போயிருந்தால் இறங்கியிருக்கலாமாம். இதைச் சொன்னபோது மிஸ்யே செர்ஜ் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். படம் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது பாருங்கள், அதுதான் பெரிய கலை என்றார்.

தெசிரே ஒன்றே ஒன்று கேட்டான். நான் போகாவிட்டால் போகட்டும், படத்தில் அவளையாவது திரும்ப வரையச் சொல்லுங்கள் என்றான். அவளைப் பக்கத்தில் உட்கார வைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுப்புப் பக்கம் நிற்க வைத்தால் போதும் என்றான். படம் இப்போது தேசத்தின் சொத்து, அதில் யாரும் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் தந்தி வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். நான் சும்மா இருக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை ஏழு கறி சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். என் சமையல் லட்சணம் எனக்கே தெரியும், பலாக்காய் வேகவில்லை. அவன் வீட்டில் அதே மேசை, அதே சுவர். எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தோம். நாய் அவன் காலடியில் வந்து படுத்தது. மாதக்கணக்காக அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. பாதிரியார் முருகன் வேலைப் பார்த்து ஈட்டியா என்று கேட்ட கதையைக் காமாட்சி சொல்கிற மாதிரியே, அவள் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தேன். பெரிய மீனுக்கு என்ற இடம் வரும்போது அவன் உதடு ஓரத்தில் லேசாக அசைந்தது. சத்தியமாக அசைந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. மதாம் ஒதில், கூடவே புகைப்படக்காரர் ஒருவர். வெளிநாடுகளுக்கு அனுப்பச் சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். படத்தின் மனிதரை அவருடைய சொந்த மேசையிலேயே எடுக்க வேண்டுமாம். எங்கள் இலைகளைப் பார்த்ததும் மதாமுக்கு ஆனந்தம். அதே கறிகள் என்றார். நாயைப் பிடித்துக் கட்டச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் கொஞ்சம் ஒதுங்கினால் நன்றாக இருக்கும் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை அழித்தது போதும் அம்மா, இது அரசாங்கச் சுவர் இல்லை, என் தங்கை வீட்டுச் சுவர் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். வெகுநாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. மதாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் வெளிச்சம் போகிறது என்றார்.

அப்போது தெசிரே வாயைத் திறந்தான். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது, என்னைப் பார்க்கவும் இல்லை.

"எந்திரி மச்சான். நீ இருந்தா படம் கெட்டுப்போயிடும். அவங்க வேலையை முடிச்சுட்டுப் போகட்டும்."

எழுந்தேன். வேறென்ன செய்ய? சுவரோரமாகப் போய் நின்றேன். குனியுங்கள் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனே இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, இலைமேல் தலையைக் கவிழ்த்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது. அதேதான், அதேதான் என்று மதாம் ஒதில் கிசுகிசுத்தார்.

அப்போதுதான் என் கையில் பாதி தின்ற அப்பளம் இருப்பதை அவர் பார்த்தார். அதை மட்டும் மேசைமேல் வைத்துவிடச் சொன்னார்.